திரையக்காவின் போர்வைத் தோட்டம்

திரையக்காவுக்குப் படம் வரைய வராது. பென்சிலை எடுத்தால் கோடு பாதி வழியில் மனம் மாறி வேறு வேலையாகப் போய்விடும். ஊசி அப்படியல்ல. நேராகப் போ என்றால் நேராகப் போகும், வளை என்றால் வளையும், நில் என்றால் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும். அதனால் அக்கா எதையும் துணியில்தான் யோசிப்பார்.

பெரிய சாலையில் இருக்கும் திரைச்சீலைக் கடையில், ஜன்னலோரத்து வெட்டுமேசை இருபத்திரண்டு வருடமாக அவருடையது. வருகிறவர்கள் ஹாலுக்கு நல்லதாக ஏதாவது வேண்டும் என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரியைத் தைத்து நீட்டிவிடுவார். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடையில் மிஞ்சும் துண்டுகள் பைக்குள் ஏறி வீட்டுக்கு வரும். வந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போர்வையாகும். அந்த வீட்டில் கட்டிலுக்கு ஒட்டுப்போர்வை உண்டு, சோபாவுக்கு உண்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உண்டு, இஸ்திரிப் பெட்டிக்குக்கூட ஒரு குட்டிப் போர்வை உண்டு. ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தனக்கும் ஓரம் மடித்துத் தைத்துவிடுவாள் என்று அவர் கணவர் வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

கணவரைத் தெருவில் முத்திரையார் என்பார்கள். அரண்மனைப் பட்டம் போல ஒலிக்கும். அவர் செய்வது ரப்பர் ஸ்டாம்ப். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கலாம் என்ற அளவில் கடை. தாளில் எழுத்து நேராக விழவேண்டுமானால் ரப்பரில் அது திரும்பியிருக்க வேண்டும். ஆக, முப்பத்தொரு வருடமாக யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதைத் திருப்பிப் போடுவதே அவர் பிழைப்பு. இப்போது வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் வெட்டியது சரிதானா என்று ரப்பரைத் தடவிப் படிக்கிறவர் அவரே. இந்தப் பழக்கம் கடையைப் பூட்டும்போது உள்ளே தங்குவதில்லை, கூடவே வீட்டுக்கு வந்துவிடும். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரியும் கடிகாரத்தைப் பார்த்து அவர் பட்டென்று மணி சொல்வார். திரும்பி நிஜக் கடிகாரத்தைப் பார்த்தால்தான் கொஞ்சம் திணறுவார்.

இவர்களுக்கு ஒரே மகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவள், இந்த வருடம் தனியாகத் தொடங்கி, இரண்டு பக்கமும் பிரேக் வைத்த கார் ஒன்று வாங்கினாள். கார் தெருவில் நின்றது. வாங்கிய சில வாரத்தில் அதன் மேல் ஏழு கீறல், ஒரு பக்கக் கண்ணாடி காலி. ஏழில் ஒன்றுகூட அவளிடம் கற்கிறவர்கள் போட்டதில்லை. எல்லாம் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களின் கைவண்ணம்.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் அவள் கண்ணில் பட்டது.

பதினைந்தடி அகலம், முப்பதடி நீளம். பின்வாசல் நடுவில். அதற்கு நேர் எதிரே சந்துக்குத் திறக்கும் இரட்டைக் கதவு. இடப்பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதுகுச் சுவர். அந்தப் பக்கம் வெயில் காலையில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். வலப்பக்கம் இடுப்புயரச் சுவர், அதற்கு அப்பால் நாத்தனார் வீடு. அங்கே வெயிலுக்குக் குறைவே இல்லை. இந்த மண்ணில் தோட்டம் போடப்போவதாகத் திரையக்கா பதினோரு வருடமாகச் சொல்லிவந்தார். அதுவரை ஒரு சைக்கிள் எலும்புக்கூடும், அடியில்லாத வாளியும், அலமாரி இல்லாத அலமாரிக் கதவும் அங்கே குடித்தனம் நடத்தின.

அந்த மண்ணில் சிமெண்ட் போட்டுக் காரை நிறுத்திக்கொள்கிறேன் என்று மகள் கேட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் கொடு என்றார். பரீட்சைக்கு ஆள் தயார்ப்படுத்துகிறவள் அல்லவா, மகள் உடனே விதிகள் போட்டுவிட்டாள். மூன்று மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த மண் கொடுத்ததை மட்டும் வைத்து நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். உப்புக்கும் எண்ணெய்க்கும் விலக்கு உண்டு. நாலாவது ஆள் பக்கத்து வீட்டு அத்தை. தீர்ப்பும் அத்தையே. நிறைந்தால் மண் அம்மாவுக்கு, அதன்பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை. நிறையாவிட்டால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேஸ்திரி. அவள் அப்போதே போன் செய்து மேஸ்திரிக்குத் தேதியும் கொடுத்துவிட்டாள். விதை முளைப்பதற்கு முன்பே மேஸ்திரி முளைத்துவிட்டார்.

அக்கா சைக்கிளையும் வாளியையும் அப்புறப்படுத்தி மண்ணைக் கொத்தி முடித்தது ஒன்பதாம் நாள். பத்தாம் நாள் கடையில் ஏணி மேல் நின்று திரைக்கம்பி பொருத்திக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்ற அம்மாள், இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்றார். அக்கா இன்னும் கொஞ்சம் மேலே போனார். ஏணி அதற்கு முந்தைய படியோடு முடிந்திருந்தது.

முட்டியிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். படி இறங்கவே கூடாது. படுக்கையறை மாடியில், அதன் ஜன்னல் தெருப்பக்கம். போட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று மகளே சொன்னாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"தள்ளிவச்சா அது பன்னெண்டாவது வருஷம் ஆயிடும்டி. வேணாம். உங்கப்பா நடுவாரு."

முத்திரையாருக்குக் கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு காகிதத்தைக் கொடுத்து இதேபோல வேண்டும் என்றால் அச்சுப் பிசகாமல் செய்து தரக்கூடியவர். அதை நம்பித்தான் அக்கா தோட்டத்தைத் தைக்க உட்கார்ந்தார்.

மூன்று நாளில் ஒரு போர்வை உருவானது. நடுவில் செங்கல் நிறத்தில் நீளமாக ஒரு பாதை. வெயில் பக்கம் தக்காளிக்குச் சிவப்புக் கட்டங்கள், பீன்ஸுக்கு நீலக்கோடு போட்ட துணி, பூசணிக்கு மஞ்சள் சாட்டின். நிழல் பக்கம் கீரைக்குப் புள்ளி போட்ட பச்சை, கொத்தமல்லிக்குச் சல்லாத்துணி, புதினாவுக்கு ஒரு பணக்காரர் வெட்டச் சொல்லிவிட்டு வாங்காமலே விட்டுப்போன விலை உயர்ந்த வெல்வெட். எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் வெயில் என்று அதில் குறிக்கவில்லை. சொந்த வீட்டுப் புருஷனுக்கு வெயில் எந்தப் பக்கம் என்று யாராவது தைத்துக் காட்டுவார்களா?

தினமும் காலையில் முத்திரையார் மாடிக்கு வருவார். காலின் மேல் விரித்திருக்கும் போர்வையைக் கைகட்டி நின்று பார்ப்பார். ஒரு வரிசையை மனதில் ஏற்றிக்கொள்வார். வழியில் யாரோடும் பேசாமல், தளும்பும் பாத்திரம் தூக்கிப்போவது போலப் படியிறங்குவார். கண்ணில் போனது கைக்கு வரும்போது, முப்பத்தொரு வருடமாக என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வலது இடமானது, இடது வலமானது. அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்றைக்கு அவர் மனதுக்கு அது மிகச் சுத்தமான வேலை.

அக்காவுக்கும் சந்தேகம் வர வழியில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது துணிப் பாஷையில். நீலக்கோடு முளைவிட்டுவிட்டது என்பார் அவர். புள்ளிப்பச்சைக்குத் தண்ணீர் விட்டீர்களா என்பார் இவர். வெல்வெட்டை எறும்பு மொய்க்கிறது, மஞ்சள் சாட்டின் கொடி வீசுகிறது. கேட்டுக்கொண்டே படி ஏறிய மகள், இரண்டு பேரையும் டாக்டரிடம் காட்டவேண்டுமோ என்று அத்தையிடம் சொன்னாளாம்.

மத்தியானங்கள்தான் நீளமானவை. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போய் அதன் சத்தம் திருப்பத்தில் கரையும். அக்கா மல்லாந்து படுத்திருப்பார், தோட்டம் அவர் மேல் படுத்திருக்கும். மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு நீண்ட மேடாகக் கிடக்கும், அதன் சரிவில் தக்காளி. நல்ல காலை மடக்கினால் பாதை வளைந்து ஏறும், நீட்டினால் சமவெளி. மூச்சு விடும்போதெல்லாம் கீரைப்பாத்தி மெதுவாக எழுந்து தாழும். ஜன்னல் கம்பியின் நிழல் காலையில் கொத்தமல்லியில் தொடங்கி மாலைக்குள் பூசணியைக் கடந்து தரைக்கு இறங்கிவிடும். கண் சொருகும். அப்போது அவர் அளவில் சிறுத்து, விரற்கடை உயரத்தில், செங்கல் நிறப் பாதையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார். தையல்கள் காலில் சிறு கூழாங்கற்களாக உறுத்தும். இரு பக்கமும் சிவப்பும் பச்சையும் ஆளுயரம் நிற்கும். குனிந்து மண்ணைத் தொட்டால் பருத்தி. பருத்திக்குள் கைவிட்டால் ஈரம். எங்கோ ஊசி ஒன்று தானாக நடந்துபோய் விதை விதையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். கீழே முத்திரையார் கடையிலிருந்து வந்து குழாயைத் திறந்த சத்தம் கேட்டு விழிக்கும்போது, நனைந்த மண்ணின் வாசம் நிஜமாகவே படியேறி வந்து கட்டிலருகில் நிற்கும். எது கனவில் வந்தது, எது படியில் வந்தது என்று அக்கா ஆராய்ச்சி செய்யவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டார்.

நாத்தனார் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து உட்கார்வாள். தன் வீட்டு மாடியிலிருந்து தோட்டம் முழுக்கத் தெரிவதால் அவள் சொல்வதற்குத் தனி மதிப்பு. தக்காளி எல்லாம் ஆள் உயரத்துக்குப் போகிறது அண்ணி, இப்படி ஒரு வளர்த்தியைப் பார்த்ததே இல்லை என்றாள். அக்காவுக்கு முகம் பூரித்தது. நிழலில் நட்ட செடி வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது என்று நாத்தனாருக்கும் தெரியாது. கீரை மட்டும் கொஞ்சம் வாடினாற்போல இருக்கிறது என்றும் சொன்னாள். அன்று மாலை முத்திரையார் சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாவுக்கட்டை அறுத்த மறுநாள் காலை அக்கா படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து. மகள் முன்னால், முத்திரையார் பின்னால், சாமான் இறக்குவது போல. பின்வாசலில் நாற்காலி போட்டிருந்தது. அக்கா உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் இருந்தது. பாதை இருந்தது, வரிசைகள் கோடு பிசகாமல் இருந்தன, இத்தனை சுத்தமாக எந்தத் தோட்டக்காரரும் நட்டிருக்க முடியாது. ஆனாலும் ஏதோ ஒன்று, தெரிந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. ஆறு வாரம் தன் மேல் கிடந்த துணியின் அடிப்பக்கத்துக்குள் நுழைந்துவிட்டோமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. கனவின் மிச்சம் இன்னும் கண்ணில் இருந்தது. பிறகுதான் சுவரைப் பார்த்தார். உயரச் சுவரின் நிழலில் தக்காளி வெளிறி நெடுநெடுவென்று நின்றது, பேருக்கு ஒரு பூ. வலப்பக்கத்து வெயிலில் கீரை ஓரம் கருகிக் கதிர் விட்டிருந்தது. புதினா காய்ந்த தேயிலை நிறத்தில் தரையோடு தரை.

"ஏங்க. இது என்னங்க?"

"நீ காட்டினபடிதான் வச்சேன்."

"நான் காட்டினதுதான். மொத்தத்தையும் திருப்பி வச்சிருக்கீங்க."

முத்திரையார் இரண்டு கையையும் முகத்துக்கு முன் தூக்கி, எது வலது எது இடது என்று பார்த்தார். பார்த்த கைகளை இறக்கவில்லை. அத்தனையையும் பிடுங்கி மாற்றி நட்டுவிடுகிறேன், கடைக்கு இரண்டு நாள் லீவு போடுகிறேன் என்றார் அவர். காய்க்கிற வயதில் செடியைப் பிடுங்கினால் செத்துத்தான் போகும் என்றார் அக்கா. இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அன்று முழுக்க அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கே இறங்குகிறது, எப்போது நகர்கிறது, எந்த இலையை எத்தனை மணிக்குக் கடிக்கிறது என்று. சாயங்காலம் கணவரைக் கூப்பிட்டார். செடியை நகர்த்த முடியாது, சரி. வெயிலை நகர்த்தினால் என்ன? இருபத்திரண்டு வருடமாகத் தான் பார்ப்பது வேறென்ன வேலை?

கடையிலிருந்து வலைத்துணியும் வெள்ளை லைனிங் துணியும் ஒதுக்குத்துண்டுகளாக வந்து இறங்கின. வலப்பக்கத்துக் கீரைக்கு மேலே குறுக்கே கம்பி இழுத்து, வளையத்தில் கோத்த மெல்லிய திரைகள். காலை ஒன்பதுக்கு இழுத்துவிட வேண்டும், நாலு மணிக்கு ஒதுக்க வேண்டும், பெரிய மனிதர் வீட்டு ஹால் மாதிரி. இடப்பக்கச் சுவர் முழுக்க, மேலிருந்து தரை வரை வெள்ளை லைனிங். எதிர்ப்பக்கத்து வெளிச்சம் அதில் பட்டுத் தக்காளி மேல் விழட்டும். கருகிய கீரையைக் களைந்துவிட்டுப் புதிதாகவும் விதைத்தார்கள்.

கம்பி கட்ட ஸ்டூலில் ஏறப்போன அக்காவை மகள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஏறாதே. நான் ஏறறேன். ஆனா போட்டி போட்டிதான், அதுல விட்டுக்குடுக்க மாட்டேன்."

"உன்னை யாரு விடச் சொன்னா? இறுக்கிக் கட்டு."

தனக்கு எதிராகத் தானே கம்பி கட்டினாள். நன்றாகவே கட்டினாள்.

ஒரு திரைக்குத் துணி போதாமல், அந்தப் போர்வையையே புதினாவுக்கு மேல் தொங்கவிட்டார்கள். மறுநாள் காலை வெயில் அதன் ஊடாக வந்தபோது முத்திரையார் பின்வாசல் பக்கமிருந்து, துணியின் அடிப்புறத்தைப் பார்க்கும்படி நின்றுவிட்டார். சிவப்பு இடப்பக்கம் எரிந்தது, பச்சை வலப்பக்கம். தையல் விளிம்புகள் நரம்பு நரம்பாகத் தெரிந்தன. துணிக்கு அப்பால் தோட்டம், துணிக்குள் அதே தோட்டம், கட்டத்துக்குக் கட்டம்.

"இங்கேர்ந்து பாரு. நான் சரியாதான் வச்சிருக்கேன்."

அக்கா வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "சரியாதான் வச்சிருக்கீங்க" என்றார் அக்கா, அது சமாதானமா கிண்டலா என்று முத்திரையாருக்குப் பிடிபடாத குரலில்.

சந்தில் போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. காற்று வந்தால் தோட்டம் முழுக்கத் திரைகள் உப்பி, தரையில் இறங்க இடம் தேடும் பெரிய பறவைகளைப் போலப் படபடத்தன. அவற்றுக்கு நடுவே அக்கா காலை இழுத்து இழுத்து நடந்து, ஒன்றைத் தள்ளி மற்றொன்றை இழுப்பார். வெளிச்சம் பாலாகவும் தேனாகவும் மாறி மாறி இலைகள் மேல் விழும். உள்ளே யாருக்கோ கல்யாணம் என்று ஒருவர் சொன்னார், பேய் ஓட்டுகிறார்கள் என்று இன்னொருவர். திரைக்கடை முதலாளி நேரில் வந்து பார்த்துவிட்டு, கீரைக்கே இத்தனை மரியாதை என்றால் வாடிக்கையாளர்கள் வெட்கப்படுவார்களே, கதவில் நம் கடைப் பலகை ஒன்றை மாட்டலாமா என்று யோசனை கேட்டார். அக்கா அவர் கையில் பூவாளியைக் கொடுத்தார். அவர் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனார்.

தக்காளி காய்த்தது. கீரை வந்தது, போர்வைக்கு அடியில் புதினா மறுபடி துளிர்த்தது. பீன்ஸ் வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது. அக்கா விழிக்கும்போதே எண்ணிக்கையோடு விழித்தார். நாலு வயிறு. நாலு தட்டு. கடையில் துணி அளக்கும்போதுகூட அவர் உதடு பீன்ஸை எண்ணியது.

அந்த ஞாயிறு வந்தது. திரைகளுக்கு அடியில் மேசை போட்டார்கள். பழுத்த தக்காளி ஒன்பது. பீன்ஸ் இரண்டு கைப்பிடி. முஷ்டி அளவு ஒரே ஒரு பூசணி. கீரை மட்டும் இரண்டு கூடை. அடுப்பில் ஏற்றியதும் அது ஒரு கிண்ணமாகச் சுருங்கி உட்கார்ந்துகொண்டது. வேகவைத்தது, வதக்கியது, பச்சையாக நறுக்கியது என்று அக்கா தட்டுகளை நிரப்பிப் பார்த்தார். தட்டின் ஓரத்துப் பூவேலை நன்றாகவே தெரிந்தது.

ருசியில் குறை சொல்ல முடியாது. திரை அசையும்போது தட்டுகள் மேல் நிழல் வந்து போனது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, நாலு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்திரையார் தன் பங்கில் பாதியைத் தங்கையின் தட்டுக்குத் தள்ளியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாத்தனார் தண்ணீர் குடித்து, வயிற்றைத் தடவி, தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு நிறைஞ்சிடுச்சு அண்ணி."

"உனக்கு நிறையலை. எனக்கே நிறையலை." அக்கா தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "தோத்துட்டேன். விடு."

மகள்தான் முதலில் எழுந்தாள். வெற்றி பெற்ற முகமாக அது இல்லை. நாளைக் காலை மேஸ்திரிக்கு அளவு சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, தெருவுக்குப் போய்க் காரை எடுத்து, சந்து வழியாகச் சுற்றிவந்து இரட்டைக் கதவைத் திறந்தாள். வலப்பக்கம் கம்பிகளும் திரைகளும் மறித்தன. இடப்பக்கம் சுவரோரமாகக் காரைப் பின்னுக்கு விட்டாள். முதல் தக்காளிச் செடிக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டாள். போட்டவள் நகரவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

அக்கா போனார். நல்ல காலை ஊன்றிக் குனிந்து, முதல் செடியை வேரோடு பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தார். இரண்டாவது. மூன்றாவது. நெட்டையான செடிகள், ஒரே இழுப்பில் வந்தன. முத்திரையார் உதவ வந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, மண்கையை ஆட்டினார்.

"வா. வா, வா. இப்படி ஒடிச்சு வா. இன்னும் வா. போதும்."

ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள் அம்மா சொன்னபடி ஒடித்து வந்தாள்.

எஞ்சின் நின்றது. மகள் இறங்கவில்லை. உள்ளேயே இருந்தாள். தெருவில் நிற்கும்போது மத்தியானம் அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் தொட முடியும். கற்கிறவர்கள் அலறிக்கொண்டு ஏறுவார்கள். இங்கே இருக்கை சில்லென்று இருந்தது. வெள்ளை லைனிங் மெல்ல உப்பிக் கண்ணாடியை உரசியது. இந்தப் பக்கச் சுவர் நிழலில் எதையும் தழைக்கவைக்க முடியாமல் ஐந்து வாரம் அம்மா போராடியதை அவள் தினமும் பார்த்தவள். நிழலைத் தவிர வேறு எதுவும் கேட்காத ஒரே ஜீவனை இப்போதுதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடியை இறக்கினாள்.

"காருக்கு இவ்வளவு போதும்மா. அந்தப் பாதி கிடக்கட்டும்."

"தோத்தவளுக்கு எதுக்குடி பாதி?"

"நீ தோத்தது தோத்ததுதான். அதை நான் மறக்கப்போறதில்லை. மேஸ்திரிகிட்ட இந்தப் பக்கம் மட்டும்னு சொல்லப்போறேன், அவ்வளவுதான்."

நாத்தனார் உடனே, தான் கொடுக்கவிருந்த தீர்ப்பும் இதுதான் என்று அறிவித்தாள். இனிமேல் கீரைக்கு நிழல் வேண்டுமென்றால் திரைதான் கதி. அக்காவுக்கு அதில் கஷ்டமில்லை. பதினோரு வருடக் கனவில் பாதிதான் கைக்கு வந்தது என்பதில் மட்டும் கொஞ்சம். பிடுங்கிய தக்காளிச் செடிகளைச் சுவரோரமிருந்து அள்ளி, அவற்றில் மிச்சமிருந்த பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்கா கடைக்கு அரைநாள் லீவு. மேஸ்திரி ஏழு மணிக்கு வந்து, பின்வாசலின் நடுவிலிருந்து கதவின் நடுவுக்கு நூல் கட்டினார். சரியாகப் பாதி. மகள் சந்தில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நூலைச் சுற்றிவந்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேஸ்திரி, நூலைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் கட்டுங்க."

"எவ்வளவுக்கா?"

"நாலு விரல். தையலுக்கு."

"சிமெண்டுக்கு ஏதுக்கா தையல்?"

"எதை ரெண்டா வெட்டினாலும் தையலுக்கு விடணும் மேஸ்திரி. இல்லாட்டி பின்னாடி இழுத்துக்கும்."

மேஸ்திரி காரைத் திரும்பிப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் சுவர்ப்பக்கமாக நாலு விரல் தள்ளிப்போனது.

சிமெண்ட் காய்ந்து, ஒரு வாரம் கழித்துக் கார், வீட்டைப் பார்த்த முகமாக, முதல் முறையாக அதன் மேல் வந்து நின்றது. நாலு விரல் குறைந்ததில், அவள் உட்கார்ந்திருந்த சுவர்ப்பக்கக் கதவு பாதிதான் திறந்தது. மகள் அதை ஒருமுறை திறந்து பார்த்தாள், சாத்தினாள். பிறகு மறுபக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, செடிப்பக்கக் கதவைத் திறந்து, புதினாவை மிதித்துவிடாமல் இடம் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள்.